மஸ்கட் நாட்குறிப்பு, மூன்றாம் நாள்: கடல் பக்கம் வாசல் வைத்த ஊர்

முதல் இரண்டு நாளும் தம்பி கூடவே வந்தான். இன்று அவனுக்கு வேலை நாள். அதனால் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் சுற்றுலாவில் இடம் பதிவு செய்துவிட்டு, காலை ஏழு மணிக்கே அலுவலகம் கிளம்பிவிட்டான். ஏழரைக்கு வேன் வரும் என்றார்கள். ரூவியில் அவன் வீட்டு வாசலில் நாங்கள் நின்றது நாற்பது நிமிடம். ஜனவரி மாதம், வெயில் உறைக்கவில்லை, அது பிரச்சினை இல்லை. பெரிய பள்ளிவாசலில் வெளியார் பார்க்கப் பதினொரு மணி வரைதான் அனுமதி என்பதால் எனக்குப் பதற்றம். வேன் வந்ததும் வழிகாட்டி இறங்கி வந்து, அம்மாவின் முன் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். முப்பது வயது இருக்கும். கணுக்கால் வரை நீண்ட வெள்ளை அங்கி, திஷ்தாஷா என்பார்கள், தலையில் பூவேலை செய்த கும்மா தொப்பி. அம்மாவை "மாமா, மாமா" என்றே கூப்பிட்டார். அவர்கள் ஊரில் அது அம்மாவைக் கூப்பிடும் சொல். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அப்புறம் தெரிந்தது, அவருக்கு இந்தி தெரியும், கொஞ்சம் மலையாளமும் தெரியும். மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதியான முத்ராவில் பிறந்து வளர்ந்தவர். பக்கத்து வீட்டு மலையாளிப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய மலையாளம். பாட்டி சான்சிபாரில் பிறந்தவர், வீட்டில் அவரோடு சுவாஹிலி. நாங்கள் குளச்சல் பக்கத்துக்காரர்கள் என்பதால் அம்மாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அந்த நிமிடத்திலிருந்து சாயங்காலம் வரை அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல் ஊரின் மேற்குப் பக்கம் இருக்கிறது. உள்ளே போகப் பெண்கள் தலைமுடி, மணிக்கட்டு, கணுக்கால் வரை மூடியிருக்க வேண்டும். தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அம்மா முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். தலைக்கு என் சால்வை. வாசலில் நின்ற பெண் காவலர் அம்மாவின் சேலையை ஒருமுறை பார்த்துவிட்டு, சால்வையை இன்னும் கொஞ்சம் முன்னே இழுத்துவிட்டு, கன்னத்தைத் தொட்டு அனுப்பினார்.

1995-இல் கட்டத் தொடங்கி 2001 மே மாதம் திறந்திருக்கிறார்கள். வளாகம் முழுக்க நிறைந்தால் 20,000 பேர் தொழலாம். பெரிய மினார் 90 மீட்டர். வெளிச்சுவரின் கல்லைப் பார்த்ததும் எனக்கு வடஇந்தியக் கோட்டைகள் ஞாபகம் வந்தன. கேட்டேன். இந்திய மணற்கல்தான் என்றார் வழிகாட்டி. 3 லட்சம் டன் கப்பலில் வந்ததாம். எல்லா நீள நடைகளிலும் அந்தக் கல்லின் வெளிர் நிறம். காலடிச் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்கிறது.

உள் மண்டபத்தில் எல்லோரும் அண்ணாந்து சரவிளக்கைப் பார்க்கிறார்கள். 14 மீட்டர் உயரம், ஆயிரத்துக்கும் மேல் பல்புகள், படம் எடுக்க வசதியாக நடுவிலேயே தொங்குகிறது. எங்கள் அம்மா குனிந்து நின்றாள். தரை விரிப்பு ஒரே விரிப்பு, 4,300 சதுர மீட்டருக்கு மேல். ஈரானின் கொராசான் பகுதியில் 600 பெண்கள் நான்கு ஆண்டுகள் முடிச்சுப் போட்டு நெய்தது. 170 கோடி முடிச்சுகள், 28 நிறங்கள், 21 டன் எடை. 58 துண்டுகளாக வந்து இங்கே வைத்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் நடக்க மேலே நீல விரிப்பு ஒன்று போட்டிருக்கிறது. அதன் ஓரத்தில் அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, தொடாமல், முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்த் தையல் எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

"ஒட்டு தெரியல்ல மக்ளே. அம்பத்தெட்டு துண்டு, ஒரு இடத்துலகூட ஒட்டு தெரியல்ல."

ஒரு பச்சைக் கொடி வளைந்து ஒரு பூவுக்குள் போகிறது. அந்தப் பூவின் இதழ் ஓரம் மட்டும் மூன்று விதச் சிவப்பு. எந்த ஊர்ப் பெண் எந்த நாளில் அந்த மூன்றாவது சிவப்பு நூலை எடுத்துக் கட்டினாளோ, அவள் பேர் எங்கும் இல்லை. அம்மா எழுந்திருக்க மனமில்லாமல்தான் எழுந்தாள். எனக்கும் இன்னும் அரைமணி நேரம் வேண்டியிருந்தது. காலையில் போன நாற்பது நிமிடத்தை நான் மனதார நொந்துகொண்டது அங்கேதான்.

வெளியே வந்ததும் தகவல் மையத்தில் உட்காரவைத்துப் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் தந்தார்கள். சர்க்கரை இல்லை, பால் இல்லை, ஏலக்காய் மணம் தூக்கலாக இருக்கும் மெல்லிய காப்பி. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம். குடித்து முடித்தால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்ட வேண்டும். அம்மா நான்காவது கிண்ணத்தில்தான் ஆட்டினாள்.

அங்கிருந்து கிழக்கே. ராயல் ஓபரா ஹவுஸை வேனில் இருந்தபடியே பார்த்தோம், 2011-இல் திறந்தது, அழகான கட்டடம். எனக்கு மனமெல்லாம் முத்ராவில் இருந்தது.

வழியெல்லாம் மலை. பச்சை ஒரு பொட்டுகூட இல்லாத, கருகிய பழுப்பு நிற மலை. வழிகாட்டி இதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிட்டது. இந்தப் பாறை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில், தரைக்கும் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடலடி ஓடு, கண்டங்கள் நெருக்கித் தள்ளியதில் நிலத்தின் மேல் ஏறி நிற்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் நிலவியல் ஆய்வாளர்கள் இதைப் பார்க்க ஓமானுக்கு வருகிறார்களாம். இந்த ஊரில் மலையும் கடலிலிருந்து வந்ததுதான் என்று அம்மாவிடம் மலையாளத்தில் சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

முத்ரா மீன் சந்தைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. நல்ல மீனெல்லாம் போயிருந்தது. 2017-இல் திறந்த புதுச் சந்தை. ஸ்னோஹெட்டா என்ற நார்வே நாட்டு நிறுவனம் வடிவமைத்தது. கூரை மேல் நீள நீளமாக அலுமினியப் பட்டைகள், அலை மாதிரி வளைந்து போகின்றன. அவற்றின் நிழல் தரையில் கோடு கோடாக விழுகிறது. ஈரத் தரை, ஆனால் வாடை குறைவு. வெட்டித் தருவதற்குத் தனிப் பகுதி.

அம்மா கடலோரத்தில் பிறந்தவள். மீன் சந்தையில் அவளுக்கு வழிகாட்டி வேண்டாம். "இது நெய்மீன். இது சூரை. இது கணவாய், நம்ம ஊர்ல இவ்வளவு பெருசு இப்ப வாறதில்ல." வழிகாட்டி நெய்மீனைக் காட்டி "கனத்" என்றார். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்கள், நாங்கள் நெய்மீன் என்போம், இங்கே கனத். ஒரு தட்டில் சாளை கிடந்தது. தெற்கே தோஃபார் பக்கம் சாளையைக் கடற்கரையில் காயவைத்து மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாகப் போடுவார்கள் என்று அவர் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே வியப்பு. "தென்னைக்கு உரம் போட்டுப் பாத்திருக்கேன். மாடு மீன் திங்குமா?" தின்னும் என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் நம்பினாள்.

சந்தையை ஒட்டித் தொடங்கும் கடலோரச் சாலையைக் கார்னிஷ் என்கிறார்கள். பிறை மாதிரி வளைந்த துறைமுகம். சரக்குக் கப்பல்கள் எல்லாம் 2014-இல் சோஹார் துறைமுகத்துக்குப் போய்விட்டன. இப்போது சுற்றுலாக் கப்பல்களும் மரக்கலங்களும்தான். கரையோரம் வெள்ளை வெள்ளையாக, மாடத்தில் மரவேலை செய்த பழைய வீடுகள். அது லவாத்தியா மக்களின் பகுதி. சிந்து, குஜராத் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த வணிகர்கள், இன்று முழு ஓமானியர்கள். அவர்கள் வீட்டுப் பேச்சு இன்றும் சிந்திக்கு உறவான மொழி. அவர்கள் குடியிருப்புக்குள் வெளியார் சும்மா நுழைவதில்லை என்பதால் வாயில் வரை போய்த் திரும்பினோம். அப்படித் திரும்பியது எனக்குப் பிடித்திருந்தது. மனிதர்கள் வாழும் தெரு அது.

சூக் எனப்படும் பழைய கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிடுகிறது. பழைய பேரே 'இருட்டுச் சந்தை'தான். களிமண்ணும் பேரீச்ச ஓலையும் போட்ட கூரைக்குக் கீழே சந்துகள் அவ்வளவு நெருக்கம், பகலிலேயே விளக்கு வேண்டியிருந்ததாம். இப்போது மரக்கூரையும் மின்விளக்கும் வந்துவிட்டன. வாயிலில் காஷ்மீர் சால்வையும் காந்தம் ஒட்டிய பொம்மைகளும் விற்கிறார்கள். அதைக் கண்டு யாரும் திரும்பிவிடக் கூடாது. உள்ளே இரண்டு சந்து திரும்பினால் வெள்ளிக் கடைகள், கஞ்சர் கத்திகள், அல்வா, மசாலா, குந்திரிகம்.

வெள்ளிக் கடை ஒன்றில் பெரிய வெள்ளி நாணயங்கள் தட்டில் குவிந்து கிடந்தன. மரியா தெரசா என்ற ஆஸ்திரிய அரசியின் தலை போட்டது. எல்லா நாணயத்திலும் 1780 என்றே இருக்கிறது. அவர் இறந்த ஆண்டு அது. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு அச்சடித்தாலும் அதே ஆண்டைத்தான் போட்டார்கள், அரபு வணிகர்கள் அதைத்தான் நம்பி வாங்கினார்கள் என்பதால். நகைக்காக உருக்கிய வெள்ளியும் பெரும்பாலும் இதிலிருந்துதான்.

காசு என்றதும் இன்னொன்று. அம்மா அல்வா வாங்கியதற்கு மிச்சமாக 100 பைஸா நோட்டு ஒன்று கொடுத்தார்கள். "நம்ம பைசாவா இது?" என்றாள். பேர் அங்கிருந்து வந்ததுதான். ஒரு ரியாலுக்கு 1,000 பைஸா. அதற்கும் முன்னால் இங்கே புழங்கியது நம் ரூபாயே. 1959-இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடா நாடுகளுக்கென்றே தனி ரூபாய் நோட்டுகள் அச்சடித்தது. ஓமானில் அவை 1970 வரை செல்லுபடியாயின. அம்மா அந்த 100 பைஸா நோட்டைச் செலவழிக்க மறுத்துவிட்டாள். சுருக்குப் பையில் தனியாக மடித்து வைத்திருக்கிறாள்.

சாம்பிராணி விஷயத்தில்தான் நான் இன்று புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன். அம்மா வரும்போதே "அரபு சாம்பிராணி வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடைக்காரர் மலப்புறத்துக்காரர். நான்கைந்து மூட்டைகளைத் திறந்து காட்டினார். மஞ்சள், பழுப்பு, கடைசியாக லேசான பச்சை ஓடிய வெள்ளை. அதுதான் ஹோஜரி, தோஃபார் மலைகளுக்கு அந்தப்புறம் வறண்ட பக்கத்தில் வளரும் மரத்தின் பிசின், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. ஒரு மணியை என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணீர்த்துளி உறைந்த மாதிரி, மேலே மாவு பூசினாற்போல் மங்கலாக, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நிலா வெளிச்சம் மாதிரி ஒன்று. விரலால் தேய்த்தால் எலுமிச்சைத் தோல் வாசனை. கரித்துண்டின் மேல் ஒன்றைப் போட்டார். புகை நேராக மேலே போயிற்று.

"இது சாம்பிராணி மணம் இல்லையே," என்றாள் அம்மா. "சர்ச்சுல போடுற குந்திரிக்கம்லா இது."

சரியாகப் பிடித்துவிட்டாள். நாம் வெள்ளிக்கிழமை தலைக்குக் காட்டும் சாம்பிராணி வேறு மரம், அது சுமத்ரா, ஜாவா பக்கத்திலிருந்து வந்தது. இங்கே விற்பதை அரபியில் லுபான் என்கிறார்கள். நம் சாம்பிராணியைப் பழைய அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக்காரர்களின் லுபான் என்றார்கள். ஐரோப்பியர் வாயில் அது தேய்ந்துதான் பென்சாயின் என்று ஆனது. கால் கிலோ ஹோஜரியும், அன்றாடத்துக்கு அரைக் கிலோ மஞ்சளும் வாங்கினோம். குறைத்துக் கேட்டால் தருகிறார்கள். அம்மா மலையாளத்தில் கேட்டாள், இன்னும் குறைந்தது.

மதியம் கடைத்தெரு மூடும் நேரம், எல்லோரும் சாப்பிடப் போனோம். முழு நெய்மீனைச் சுட்டு எலுமிச்சைச் சோற்றோடு தருவதை மஷூயி என்கிறார்கள். காரம் கிடையாது. மீன் காலையில் பிடித்தது, அதற்குக் காரம் வேண்டாம். அம்மா கைப்பையிலிருந்து ஊறுகாயை எடுக்கவே இல்லை, அதுவே போதும் சான்றுக்கு.

சாப்பிட்டுவிட்டுக் கார்னிஷ் வழியே பழைய மஸ்கட்டுக்கு. ரியாம் பூங்கா மேலே குன்றில் பெரிய வெள்ளைத் தூபக்கால் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதைக் கடந்து வாயில் வளைவுக்குள் போனால் ஊர் வந்துவிடுகிறது. ஊர் என்றால் சின்னஞ்சிறிய ஊர். மூன்று பக்கம் மலை, நான்காவது பக்கம் ஒரு குடா. இன்று காரில் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுகிற முத்ராவிலிருந்து, சாலை வருவதற்கு முன்னால் படகில் வருவார்கள், இல்லாவிட்டால் மலைக் கணவாய் ஏறி இறங்குவார்கள்.

வழிகாட்டி தன் தாத்தா சொன்னதைச் சொன்னார். இருட்டி மூன்று மணி நேரம் ஆனதும் மிரானி கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். கோட்டை மதிலின் கதவுகள் மூடிவிடும். அப்புறம் ஊருக்குள் நடக்க வேண்டுமென்றால் கையில் அரிக்கேன் விளக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இது ஏதோ முந்நூறு வருடத்துக் கதை என்று நினைத்தேன். 1970 வரை நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுவதும் இருந்த பள்ளிக்கூடங்கள் மூன்று, தார்ச்சாலை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 2020 ஜனவரியில் அவர் இறக்கும்வரை ஐம்பது ஆண்டு. "தாத்தா விளக்கோடு நடந்த தெரு இது. நான் பல்கலைக்கழகம் போனேன், என் தங்கை மருத்துவர்," என்றார் வழிகாட்டி. காபூஸ் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் ஒரு நொடி தாழ்கிறது.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். நிலத்துப் பக்கம் இவ்வளவு பூட்டிக் கிடந்த ஊர், கடல் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. காலையிலிருந்து பார்த்த கல், காசு, வீடு, மனிதர் எல்லாமே கடல் வழியாக வந்தவை.

அல் ஆலம் அரண்மனைக்குள் யாரையும் விடுவதில்லை. முன்னால் நீலமும் தங்கமுமாகக் காளான் மாதிரி விரிந்த தூண்கள். படம் எடுத்துக்கொண்டோம். அரண்மனைக்குப் பின்னால் கடலோரம் போனால்தான் மஸ்கட்டின் முகம் தெரிகிறது. குடாவின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பாறைகள், பாறைக்கு மேல் ஒவ்வொரு கோட்டை. மேற்கே மிரானி, கிழக்கே ஜலாலி. போர்த்துகீசியர்கள் 1580-களில் கட்டியது. கோட்டைக்கும் பாறைக்கும் நடுவில் எங்கே பாறை முடிந்து சுவர் தொடங்குகிறது என்று சொல்லவே முடியவில்லை. ஜலாலி வெகுகாலம் சிறையாக இருந்தது.

1507-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் வந்து ஊரைக் கொளுத்தினார். அதிலிருந்து 1650 வரை அவர்கள் பிடியில்தான் இருந்தது. அம்மா கேட்டாள், "நம்ம கோட்டாறு சவேரியார் வந்த காலமா?" ஏறத்தாழ அதே காலம்தான். சவேரியார் போர்த்துகீசியக் கப்பலில் கோவா வந்து இறங்கியது 1542. அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து இந்தக் கோட்டைகள். எங்கள் ஊர்க் கடலிலும் இவர்கள் ஊர்க் கடலிலும் ஓடியது அதே கப்பல்கள்.

போர்த்துகீசியர் எப்படித் துரத்தப்பட்டார்கள் என்பதற்கு ஓமானியர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்ன் ருஸைக் எழுதியும் வைத்திருக்கிறார். மஸ்கட்டில் நரோத்தம் என்ற இந்திய பனியா வணிகர் இருந்தார். கோட்டைக்குச் சரக்கு கொடுப்பவர். போர்த்துகீசியத் தளபதி அவருடைய மகளைப் பெண் கேட்டான். மறுத்தால் பறித்துக்கொள்வேன் என்றான். நரோத்தம் கல்யாண ஏற்பாட்டுக்கு அவகாசம் வாங்கினார். பிறகு போய், கோட்டைத் தொட்டியில் தண்ணீர் கெட்டுவிட்டது, இறைத்துவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும், தானியம் புழுத்துவிட்டது, வெடிமருந்து ஈரம் பட்டுவிட்டது, எல்லாம் மாற்றித் தருகிறேன் என்றார். எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, ஓமானை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃபுக்கு ஆளனுப்பினார், இதுதான் நேரம் என்று. கோட்டை விழுந்தது. பதிலுக்கு இமாம் அவர் குடும்பத்துக்கு வரியைத் தள்ளுபடி செய்தாராம்.

இந்தக் கதையை ஒரு ஓமானிய இளைஞர், கோட்டைக்குக் கீழே நின்று, மலையாளத்தில், எங்கள் அம்மாவுக்குச் சொன்னார். முடிந்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் நல்ல இடம் அமைஞ்சுதா?" வழிகாட்டி கொஞ்சம் யோசித்து, அதைத் தாத்தா சொல்லவில்லையே என்றார்.

குடாவின் பாறைகளில் வெள்ளை எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. இங்கே நங்கூரம் போட்ட கப்பல்களின் மாலுமிகள் தங்கள் கப்பல் பேரைப் பாறையில் எழுதிவிட்டுப் போவது இருநூறு ஆண்டுக்கு மேலான வழக்கம். சுல்தானின் வருகைப் பதிவேடு என்றே இதற்குப் பேர். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தேன், பாதி அழிந்திருந்தது.

வணிகர் கதை கேட்ட கையோடு அம்மா கோயிலைப் பற்றி விசாரித்தாள். அரண்மனைக்குக் கொஞ்ச தூரத்திலேயே சிவன் கோயில் இருக்கிறது, மோதீஸ்வர் மந்திர். கட்ச் பகுதி பாட்டியா வணிகர்கள் கட்டியது, நூறாண்டுக்கு மேல் பழமை. 2018-இல் நம் பிரதமர் வந்து கும்பிட்ட கோயில். சுற்றுலாத் திட்டத்தில் அது இல்லை, மதியம் நடை சாத்தியும் இருக்கும். வழிகாட்டி திசை காட்டினார். அம்மா அந்தத் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

எதிரே தேசிய அருங்காட்சியகம், 2016-இல் திறந்தது. எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். அதில் பாதியை நான் கடல் வணிகக் கூடத்திலேயே செலவழித்தேன். அங்கே நின்றபோது பல வருடமாக மனதில் கிடக்கும் ஒரு பேர் ஞாபகம் வந்தது. இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, சலாலாவுக்குப் பக்கத்தில் கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில், 2006-இல் ஓர் உடைந்த பானை ஓடு கிடைத்தது. குந்திரிகம் ஏற்றிய துறைமுகம். ஓட்டைத் தேய்த்து மூடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் தமிழ் பிராமி எழுத்து. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார்: 'ணந்தை கீரன்'. கி.பி. முதல் நூற்றாண்டு. நக்கீரன் பேரில் இருக்கிற அதே கீரன். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "பேரெழுதித்தான் வச்சிருக்கான் பாரு, வேற யாரும் எடுத்துரக் கூடாதுன்னு," என்றாள். அவளும் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் பாத்திரங்களில் பேர் வெட்டிக் கொடுப்பவள்தான்.

கடைசி இடம் அல் புஸ்தான் பக்கம். சாலை வட்டத்தின் நடுவில் ஒரு மரக்கப்பல் நிற்கிறது. பேர் சோஹார். வேன் நிற்கும் இடமே அல்ல அது. படம் எடுக்க ஐந்து நிமிடம் என்று ஓரம் கட்டினார்கள். 1980-இல் சூர் நகரத்தில் கட்டி, நவம்பரில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி, பாய் விரித்தே அடுத்த ஜூலையில் சீனத்தின் காண்டனுக்குப் போன கப்பல். பழைய அரபுக் கப்பல்கள் அவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா என்று காட்டுவதற்காக, டிம் செவரின் என்ற பயணி முன்னின்று கட்டியது. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் துளைத்து, தென்னைநார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். மரம் மலபாரிலிருந்து, கயிறு லட்சத்தீவிலிருந்து.

கயிறு என்றதும் அம்மா கிட்டே போனாள். பலகைகளின் விளிம்பு நெடுக, ஒரு சாண் கூட இடைவெளி இல்லாமல், மேலும் கீழுமாகக் குறுக்குத் தையல். வெயிலும் காற்றும் பட்டுக் கயிறு சாம்பல் நிறமாகியிருந்தது.

அம்மாவின் அம்மா கயிறு திரித்தவள். எனக்கு அந்தப் பாட்டியின் முகம் லேசாகத்தான் ஞாபகம். அம்மாவும் பத்து வயது வரை கூட உட்கார்ந்து திரித்திருக்கிறாள். தேங்காய் மட்டையை, எங்கள் ஊரில் கதம்பை, மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துத் தடியால் அடித்து, நாரைப் பிரித்து, உலர்த்தி, அப்புறம்தான் ராட்டு. அதையெல்லாம் வழிகாட்டியிடம் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனாள். வேனில் இருந்தவர்கள் ஏறிவிட்டார்கள். ஓட்டுநர் ஒருமுறை ஒலி எழுப்பினார். வழிகாட்டி அவரைப் பார்த்துப் பொறு என்று விரல்களைக் குவித்துக் காட்டினார்.

"உப்புத் தண்ணியில ஊறுன நாருக்குத்தான் பலம். நல்ல தண்ணியில ஊறுனது கறுத்துப் போவும்," என்று சொல்லிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, இல்லாத நாரை வைத்துத் திரித்துக் காட்டினாள். இடது கை அசையாமல் இருக்க, வலது கை மட்டும் முன்னே வழுக்கிப் போகிறது. முடிவில் ஒரு சின்ன வெட்டு, அடுத்த நாரைச் சேர்க்கிற இடம். அறுபது வருடம் ஆகிறது அவள் கயிறு திரித்து. கை அந்த வெட்டை மறக்கவில்லை. வழிகாட்டி தன் கைகளைச் சேர்த்து அதே மாதிரி செய்து பார்த்தார். "அப்படி இல்ல மக்ளே," என்று அவர் வலது கையைப் பிடித்துத் திருத்தினாள்.

ஆறு மணிக்கு ரூவி வந்துவிட்டோம். தம்பி வருவதற்குள் அம்மா ஹோஜரியில் நாலு மணி எடுத்துக் கரியில் போட்டுவிட்டாள், வீடு முழுக்க இப்போது அந்த எலுமிச்சை மணம். நாளை காலை ஐந்தரைக்கு எழுந்து முதலில் சிவன் கோயில், தம்பி லீவு சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு நிஸ்வா.